நாற்பது கழித்து

வெண்டல்: மறுபடி சொல்லு. முதல்லேருந்து.

ஷெல்பி: வேணாம்ப்பா.

வெண்டல்: டீன் என்ன கேப்பாரு? ஏம்மா ஷெல்பி, அப்பாவும் பொண்ணும் ஒரே க்ளாஸ்ல படிக்கறீங்க, சரி, உன் ரிப்போர்ட்டும் உங்கப்பா ரிப்போர்ட்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கே, யாரு யாரைப் பாத்து எழுதினீங்கன்னு கேப்பாரு. நீ என்ன சொல்லணும்? வாயத் தொற.

ஷெல்பி: எங்கப்பாதான் என்னைப் பாத்து எழுதினாரு.

வெண்டல்: குனிஞ்சுக்கிட்டு சொல்லாதடி. அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லு. குனிஞ்சா பொய்னு தெரிஞ்சிடும்.

ஷெல்பி: பொய்தானே.

வெண்டல்: மெதுவா. கதவு தெறந்திருக்கு. யோடர் அம்மா டைப் அடிக்கற மாதிரி இருப்பாங்க, காது ரெண்டும் இங்கதான் இருக்கும்.

ஷெல்பி: நான்தான் உங்களப் பாத்து எழுதினேன். உங்க சாப்பாட்டு டப்பாவத் தெறந்து, உங்க நோட்ட எடுத்து...

வெண்டல்: தெரியும். மறுநாளே தெரியும்.

ஷெல்பி: எப்படி?

வெண்டல்: இருபத்தாறு வருஷம் டூல் பாக்ஸோட குடித்தனம் பண்ணவன் நான். எது எங்க இருக்கும்னு கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன். சாண்ட்விச்சு மேல, நோட்டு கீழ, நோட்டோட முதுகு என் பக்கம். அன்னைக்கு முதுகு அந்தப் பக்கம் இருந்துச்சு.

ஷெல்பி: அப்பவே கேட்டிருக்கலாம்ல.

வெண்டல்: என்னன்னு கேக்கறது? எப்படி எழுதணும்னு நீ ஒரு பார்வை பாத்திருப்பேன்னு நெனச்சேன். நம்பரக்கூட நீ அப்படியே எடுத்து எழுதுவேன்னு... நெனக்கல.

ஷெல்பி: நீங்க புதன்கிழமை பேட்ச். நான் வியாழக்கிழமை. மிஷின்ல மாட்டி இழுத்துப் பாக்கற இரும்புத் தண்டும் வேற வேற. ஒண்ணு இழுபடற மாதிரி இன்னொண்ணு இழுபடாது. ஒரே எண்ணு ரெண்டு ரிப்போர்ட்ல வர வாய்ப்பே இல்லைன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்.

வெண்டல்: அன்னைக்கு உனக்கு கொலம்பஸ் ஊர்ல வேலைக்கு இன்டர்வியூ.

ஷெல்பி: வருகைத் தாள்ல கையெழுத்து போட்டுட்டு பின்வாசல் வழியா ஓடினேன். லேப் எடுக்கற ஹாலிஸ் சார் அப்ப தண்டு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தாரு. நான் மிஷினைத் தொடவே இல்லப்பா.

வெண்டல்: வேலை கிடைச்சுதா இல்லியா?

ஷெல்பி: கிடைச்சுது.

வெண்டல்: ஜூன் மாசம் சர்டிபிகேட்டோட வான்னு சொன்னாங்களா இல்லியா?

ஷெல்பி: சொன்னாங்க.

வெண்டல்: அப்புறம் என்ன. முடிஞ்சுது பேச்சு. காப்பி குடி, ஆறிப்போகுது.

ஷெல்பி: எனக்கு எறங்கல.

வெண்டல்: பிளாஸ்க் மூடியிலதான் இருக்கு, ரெண்டு வாய் குடி. உள்ள போய் மயக்கம் போட்டு விழுந்தா அதுக்கும் சேத்து நான் பதில் சொல்லணும்.

ஷெல்பி: நீங்க மட்டும் குடிச்சீங்களா? மூணு நாளா ஒண்ணும் சாப்பிடல நீங்க. வெள்ளிக்கிழமை சர்ச்சுல மீன் வறுவலுக்கு நீங்க வந்து சேந்தப்ப தட்டெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு. அம்மா உங்களுக்குன்னு ரெண்டு துண்டு மூடி வச்சிருந்தாங்க. அதையும் தொடல.

வெண்டல்: வண்டி பாட்டரி செத்துப் போச்சுன்னு சொன்னேன்ல. குளிர்ல நின்னு நின்னு பசியே போயிடுச்சு.

ஷெல்பி: ஈஸ்டர் நோன்பு முடியறவரைக்கும் வெள்ளிக்கிழமை மீனை விட்டதே இல்ல நீங்க. ஒரு தடவை பதினாலு துண்டு சாப்பிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சீங்க.

வெண்டல்: பதினாறு.

ஷெல்பி: நாப்பது கழிச்சுக்கறேன்.

வெண்டல்: பாரு, இந்த நெலமையிலயும் உங்கம்மா மாதிரியே பேசுற. சிரிச்சியா? சிரிச்சிடு. உள்ள போனா சிரிக்கக் கூடாது.

ஷெல்பி: அப்பா, பாத்து எழுதினவங்கள காலேஜை விட்டே தூக்கிடுவாங்க. காட்டினவங்களுக்கு அந்த ஒரு ரிப்போர்ட்டுக்கு மட்டும் முட்டை. அதுதான விதி?

வெண்டல்: அதுதான்.

ஷெல்பி: அப்ப நான்தான போகணும்.

வெண்டல்: உனக்கு இருபது வயசு. எனக்கு அம்பத்திமூணு. இதுல யோசிக்க என்ன இருக்கு?

ஷெல்பி: இருக்கு. எனக்கு இருபதுங்கறதாலதான் நான் போகணும். நான் வேற ஊர்ல வேற காலேஜ்ல மறுபடி முதல்லேருந்து படிப்பேன். ப்ளான்ட்டை மூடி வேலையை விட்டு அனுப்பினவங்களுக்கு அரசாங்கம் ஒரே ஒரு தடவைதான் படிக்க வைக்கும். ரெண்டு வருஷம், அவ்வளவுதான். நடுவுல வெளிய தள்ளினா அதோட சரி. உங்களுக்கு இன்னொரு தடவை கெடையாது.

வெண்டல்: படிச்சு முடிச்சா மட்டும்? அம்பத்திமூணு வயசுக்காரன் கையில புது சர்டிபிகேட்ட வச்சுக்கிட்டு நின்னா, எவன் வேலை குடுப்பான்?

ஷெல்பி: போன மாசம் வேற மாதிரி பேசினீங்களே. பம்பு கம்பெனிக்காரங்க காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தப்ப உங்க வரைபடத்தத்தான் மேல எடுத்து வச்சாங்கன்னு.

வெண்டல்: எடுத்து வச்சாங்க. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாங்க.

ஷெல்பி: அப்படிச் சொல்லாதீங்க.

வெண்டல்: சொல்லாம? ப்ளான்ட்லேருந்து பதினொரு பேரு சேந்தோம் இங்க. முதல் வாரமே ரெண்டு பேரு ஓடிட்டாங்க. அல்ஜீப்ரா பரீட்சை அன்னைக்கு ஆறு பேரு. டச்சுன்னு கூப்பிடுவோமே, அவனுக்கு முதுகு போச்சு. ஹார்லன் இப்ப பெரிய கடை வாசல்ல தள்ளுவண்டி அடுக்கிட்டிருக்கான், என்னைப் பாத்தா வண்டிக்குப் பின்னாடி ஒளியறான். இருபத்தாறு வருஷம் பக்கத்து மிஷின்ல நின்னவன்.

ஷெல்பி: நீங்க ஒருத்தர்தான் மிச்சம். அதுக்குத்தான் சொல்றேன். இன்னும் ஆறு வாரம்ப்பா. ஆறே ஆறு வாரம்.

வெண்டல்: எண்ண வேணாம். நான் எண்ணிட்டேன்.

ஷெல்பி: சமையக்கட்டு மேசையில உக்காந்து ராத்திரி ராத்திரி கணக்குப் போட்டீங்களே. எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போனா ஏன் மைனஸ் ஆகுது, வேலியத் தாண்டினா மாடு நிறம் மாறுமான்னு கேட்டீங்களே.

வெண்டல்: இப்பவும் அது எனக்குச் சரியாப் படல.

ஷெல்பி: அந்தப் பரீட்சையில நீங்க பாஸ் பண்ண அன்னைக்கு அம்மா அழுதாங்க.

வெண்டல்: ஷெல்பி.

ஷெல்பி: ம்.

வெண்டல்: ஒண்ணு சொல்லவா? ப்ளான்ட்ல மூணாம் நம்பர் தூக்கு மிஷின்ல ஒரு கொக்கி இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல வளையும். மாத்துவோம். மறுபடி வளையும். ஒருத்தனுக்கும் ஏன்னு தெரியாது. போன அக்டோபர்ல ஹாலிஸ் சார் போர்டுல ஒரு படம் போட்டாரு. எனக்கு சடார்னு புரிஞ்சுது. அந்தக் கொக்கி அங்கதான் வளையும். வேற எங்கயும் வளைய முடியாது. க்ளாஸ்லயே எழுந்து நின்னுட்டேன். சின்னப் பசங்க எல்லாம் சிரிச்சாங்க.

ஷெல்பி: நானும்தான் சிரிச்சேன்.

வெண்டல்: தெரியும். எனக்குப் போதும் அது. சர்டிபிகேட் இல்லைன்னாலும் அந்தக் கொக்கி என்னோடதுதான். இப்ப நாப்பதுக்கு வா.

ஷெல்பி: அப்பா...

வெண்டல்: டீன் அதுலதான் பிடிப்பாரு. ரெண்டு ரிப்போர்ட்லயும் எல்லா வரியிலயும் நாப்பது பவுண்டு கம்மியா இருக்கு. க்ளாஸ்ல வேற ஒருத்தனுக்கும் அப்படி இல்ல. ஏன் நாப்பது கம்மின்னு கேப்பாரு.

ஷெல்பி: ஏன்னா அது உங்க கை.

வெண்டல்: ஹாலிஸ் சாருக்கு அது தெரியாது. அவரு வெளியூருக்காரர். நம்ம ப்ளான்ட்ல ஒரு வாரம் நின்னிருந்தாருன்னா ஒரு பார்வையில சொல்லியிருப்பாரு, இது எந்த வீட்டு நாப்பதுன்னு.

ஷெல்பி: ப்ளான்ட்ல இருந்த அந்த மிஷின் முள்ளு சைபருக்கு வரவே வராதுன்னு சொல்வீங்க.

வெண்டல்: வராது. நான் சேந்த வருஷத்துலேருந்து, சும்மா இருக்கறப்பவே நாப்பதுலதான் நிக்கும். ரிப்பேர் பண்ணச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அதனால எவனா இருந்தாலும் முள்ளைப் பாத்து, மனசுல நாப்பது கழிச்சு, அப்புறம்தான் எழுதுவான். புதுசா சேந்தவனுக்கு முதல்ல சொல்லிக் குடுக்கறதே அதுதான். கக்கூஸ் எங்க இருக்குன்னு அப்புறம்தான் சொல்லுவோம்.

ஷெல்பி: இங்க இருக்கறது நல்ல மிஷின்.

வெண்டல்: நல்ல மிஷின். கண்ணு முன்னாடி சைபர்ல நின்னுச்சு. நானும் பாத்தேன். பாத்துட்டு நாப்பது கழிச்சேன். பதினெட்டு வரி எழுதியிருக்கேன், ஒரு வரியிலகூட எனக்கு உறைக்கல பாரு.

ஷெல்பி: நானும் பாக்காம அப்படியே எழுதினேன்.

வெண்டல்: அதனால இப்ப நல்லாக் கேட்டுக்க. டயலு என் உயரத்துல இருக்கு. நீ குள்ளம். கீழேருந்து அண்ணாந்து பாத்தேன், அதனால கம்மியாத் தெரிஞ்சுதுன்னு சொல்லு.

ஷெல்பி: செல்லாதுப்பா.

வெண்டல்: ஏன் செல்லாது?

ஷெல்பி: முள்ளு வட்டமாச் சுத்துது. கீழேருந்து பாத்தா பக்கவாட்டுல இருக்கறப்ப நெறைய தப்பும், உச்சியில இருக்கறப்ப தப்பவே தப்பாது. பதினெட்டு வரியிலயும் சொல்லி வச்ச மாதிரி நாப்பது வராது. ஹாலிஸ் சார் ரெண்டு நிமிஷத்துல பிடிச்சிடுவாரு. என்ன பாக்கறீங்க?

வெண்டல்: இந்த மூளையையா வெளிய அனுப்பச் சொல்ற?

ஷெல்பி: இந்த மூளைதான் உங்க டப்பாவத் தெறந்துச்சு.

வெண்டல்: விடு. பையத் தள்ளி வை, கால்ல இடிக்குது.

ஷெல்பி: என்ன பை இது, இவ்வளவு கனம்?

வெண்டல்: லாக்கர்ல கெடந்தது. கண்ணாடி, ஏப்ரன், சுத்தி.

ஷெல்பி: முதல் வருஷம் பட்டறையில செஞ்ச சுத்தியா? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பேரு பொறிச்சுக் குடுத்தாங்களே. அத ஏன் எடுத்தீங்க?

வெண்டல்: லாக்கர்ல ஈரம். துருப் புடிக்குது.

ஷெல்பி: என் சுத்தியில துரு ஒண்ணும் புடிக்கலையே.

வெண்டல்: உன்னோடது கீழ் வரிசை. அத விடு. மணி என்ன?

ஷெல்பி: பத்தாகப் பத்து நிமிஷம் இருக்கு. உங்க கடிதத்துலயும் பத்து மணிதான போட்டிருந்துச்சு?

வெண்டல்: ஒரே கவரு, ஒரே ஸ்டாம்பு. ரெண்டையும் சனிக்கிழமை நான்தான போஸ்ட் பெட்டியிலேருந்து எடுத்தேன். சரி, அண்ணாந்து பாத்தது வேணாம். வேற சொல்றேன். இதச் சொல்லு.

ஷெல்பி: போதும்ப்பா.

வெண்டல்: இது கடைசி. அந்த நாப்பது என்னுதுதான்னு சொல்லிடு. உன்னுதுன்னு. எங்கப்பா ப்ளான்ட்ல அப்படித்தான் கழிப்பாரு, நான் பொறந்ததுலேருந்து அதக் கேட்டுத்தான் வளந்தேன், எங்க வீட்டுல யாரு என்ன சொன்னாலும் நாப்பது கழிச்சுத்தான் எடுத்துக்குவோம், அன்னைக்கு முள்ளைப் பாத்ததும் கை தன்னால கழிச்சிடுச்சு, மனசு அப்புறம்தான் பாத்துச்சுன்னு சொல்லு. நல்லாருக்கா?

ஷெல்பி: என்ன சொன்னீங்க?

வெண்டல்: கை தன்னால கழிச்சிடுச்சு. மனசு அப்புறம்தான்...

ஷெல்பி: அத எங்க கேட்டீங்க?

வெண்டல்: எங்க கேக்கணும்? என் கைதான. எனக்குத் தெரியாதா?

ஷெல்பி: அப்பா, அந்த வார்த்தை...

வெண்டல்: வார்த்தைக்கு என்ன? நல்ல வார்த்தை. கேக்கறவங்களுக்கு உண்மை மாதிரியே இருக்கும். உண்மைதானே அது, ஆளுதான் வேற.

ஷெல்பி: அது உங்களோடது. இருபத்தாறு வருஷம். அதையும் எப்படி நான்...

வெண்டல்: குடுத்துட்டேன்டி. எடுத்துக்க. அத வச்சுக்கிட்டு இனிமே நான் எந்த மிஷின் முன்னாடி நிக்கப் போறேன்?

ஷெல்பி: இப்படிப் பேசாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

வெண்டல்: அழாதடி. யோடர் அம்மா எழுந்து வர்றாங்க.

யோடர்: ஷெல்பி க்ரெஸ். டீன் கூப்பிடுறாரு, வாம்மா.

ஷெல்பி: ரெண்டு பேருமா?

யோடர்: நீ மட்டும்தான் கண்ணு. அஞ்சு நிமிஷ வேலை, ஒரு தாள்ல கையெழுத்து. வெண்டல், நீங்க ஏன் இந்தக் குளிர்ல இங்க உக்காந்திருக்கீங்க? சாவிய மட்டும் அந்தப் பெட்டியில போட்டுட்டுப் போயிருக்கலாமே.

வெண்டல்: இருக்கட்டும்மா. பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போகணும்ல.

யோடர்: எனக்கு மனசே ஆறலைங்க. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். நீ மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வாம்மா, அவருகிட்ட ரெண்டு நிமிஷம்னு சொல்றேன்.

ஷெல்பி: என்ன சாவி?

வெண்டல்: லாக்கர் சாவி.

ஷெல்பி: எங்கிட்ட யாரும் கேக்கலையே.

வெண்டல்: உன்னக் கேக்க மாட்டாங்க.

ஷெல்பி: உங்க கடிதத்தக் குடுங்க.

வெண்டல்: வண்டியில இருக்கு. நேரமாச்சு, எந்திரி.

ஷெல்பி: அப்பா, உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம உள்ள போனா நான் மனுஷியே இல்ல.

வெண்டல்: சொல்ல வேணாம்.

ஷெல்பி: என்னைப் போன வியாழக்கிழமையே இங்க கூப்பிட்டாங்க. வீட்டுல சொல்லல. இதே கேள்விதான் கேட்டாங்க. எங்கப்பாதான் என்னைப் பாத்து எழுதினாருன்னு சொல்லிட்டேன். நீங்க சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடியே. எழுதியும் குடுத்துட்டேன். நாப்பது ஏன்னு கேட்டாங்க. அதையும் என்னோட பழக்கம்னு எழுதிட்டேன். நான் குனியக்கூட இல்லப்பா. நேரா மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன். வெளிய வந்து வண்டியில உக்காந்தப்ப, கொலம்பஸ்ல வீடு பாக்கணுமேன்னுதான் முதல்ல தோணுச்சு. காலைலேருந்து இங்க உக்காந்து வேணாம்ப்பா வேணாம்ப்பான்னு... எல்லாம் நடிப்பு.

வெண்டல்: வெள்ளிக்கிழமை பாட்டரி ஒண்ணும் போகலம்மா. இதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். நீ எழுதினத டீனே படிச்சுக் காட்டினாரு. கை தன்னால கழிச்சிடுச்சு, மனசு அப்புறம்தான் பாத்துச்சுன்னு நல்லாத்தான் எழுதியிருந்த, இருபத்தாறு வருஷத்துல எனக்கு அப்படிச் சொல்ல வரல. அதுக்குக் கீழ உண்மைன்னு எழுதி நானும் கையெழுத்து போட்டுட்டேன். எனக்கு வந்த கடிதத்துல இனிமே காலேஜுக்கு வர வேணாம்னுதான் போட்டிருக்கு. ஆனா ஒண்ணு, இன்னைக்குக் காலைல நான் சொல்லிக் குடுத்துத்தான் நீ சொன்ன. அம்மா கேட்டாலும் அப்படித்தான், நாளைக்கு நீயே உன்னக் கேட்டுக்கிட்டாலும் அப்படித்தான். சரியா? போ, அவங்க காத்துக்கிட்டிருக்காங்க.